அடித்துவிடப்பட்ட கட்டம்

ஆலைகளில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடங்களைப் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துக் கணினியில் கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறியால் இணைத்து, பிறகு வேண்டியபடி திருத்திக்கொள்ளும் விதமாகச் செய்து கொடுப்பது பெர்சிஸின் வேலை. குற்றாலத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் தென்காசி வருவாள். சீசனில், அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறுகிறவர்களுக்கிடையே நின்று, பாதி நனைந்த சேலையோடு அலுவலகம் போய்ச் சேருவாள்.

நான்கு வருடங்களுக்கு முன், அவள் கணவன் பெலிக்ஸ் தான் வேலை பார்த்த ரசாயன ஆலையில் தொட்டி கழுவ இறங்கி, விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்துப்போனான். ‘சோதிக்காமல் இறங்கிவிட்டார்’ என்று ஆலையில் எழுதிக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்த ஆலை அதிகாரி ஒருவர்தான், தங்களுக்குப் படம் வரைந்து தரும் தென்காசி அலுவலகத்தில் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். பெலிக்ஸ் அவசரப்பட்டுத் தானே தேடிக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் பேசும்போது பெர்சிஸ் எதிர்த்துப் பேசியதில்லை. போகப்போக அவளும் அதை நம்பினாள். பிள்ளையை நினைக்காமல் இறங்கிவிட்டானே என்று அவன்மேல் கோபம்கூட இருந்தது.

இந்த ஜூலையில் அந்த ஆலையின் பழைய வரைபடங்கள் வந்தன. ஒன்பதாவது படத்தைத் திறந்ததும் அவள் கை நின்றுவிட்டது. தொட்டி கழுவும் முறை. எழுத்து பெலிக்ஸுடையது. ‘ழ’வின் வாலை அவன்தான் அப்படி நீட்டி இழுப்பான். மூடியைத் திறக்கவும், தண்ணீர் விடவும் என்று வரிசையாகப் போய், ‘வாயு சோதனை ஆச்சா?’ என்று சாய்சதுரமாக ஒரு கட்டம். அதன்மேல் பெரிதாகக் குறுக்குக்கோடு போட்டு அடித்திருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், ‘நேரம் ஆகுது என்று மேனேஜர் எடுக்கச் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை.’ கீழே கையெழுத்தும் தேதியும். அவன் சாவதற்குப் பதினோரு நாள் முந்தைய தேதி. யாரும் வாசித்துப் பார்க்காமல் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பெர்சிஸ் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி வந்து, அடித்திருந்த கட்டத்தையும் சேர்த்தே வரைந்து அனுப்பினாள்.

இரண்டாம் நாள் படம் திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் ரத்தினம் அவள் மேஜைக்கு வந்தார்.

“ஏம்மா, அடிச்சத வரைய வேண்டாம்னு கம்பெனிக்காரன் முதல்லயே சொல்லியிருக்காம்லா? அந்தக் கட்டத்த எடுத்துரு.”

“அது என் வீட்டுக்காரர் போட்ட கட்டம் அண்ணாச்சி. நான் எடுக்க மாட்டேன்.”

ரத்தினம் குனிந்து, அவள் திரையிலிருந்த பழைய படத்தில் அந்தப் பொடி எழுத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் இடத்துக்குப் போய், அவரே அந்தக் கட்டத்தை நீக்கி, அம்புக்குறியை அடுத்ததோடு சேர்த்து அனுப்பினார்.

அன்று மத்தியானம் பெர்சிஸ் ஜெனோவுக்குப் போன் பண்ணினாள். பெலிக்ஸோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவன், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். ஓரத்தில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்துக் காட்டினாள்.

“அன்னைக்கும் வாயு பாக்குற மீட்டரக் கேட்டான் மதினி. ‘பாக்காம எறங்க மாட்டேன்’னு நின்னான். எறங்கலேன்னா நாளைக்கு வராதேன்னு மேனேஜர் சத்தம் போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“நாலு வருசமா ஏன் சொல்லல ஜெனோ?”

“எனக்கும் பிள்ளைக இருக்கு மதினி.”

திட்ட வாயெடுத்தவளுக்குத் திட்ட வரவில்லை. “இப்பவும் அந்தத் தொட்டியில எறங்குதியா?” என்று மட்டும் கேட்டாள்.

“வாரத்துக்கு ஒருக்க.”

“எறங்காத ஜெனோ. வேற வேல தேடு. உன் பொண்டாட்டிட்ட போனக் குடு, நான் சொல்லுதேன்.”

“சரி மதினி” என்றான். போனைக் கொடுக்கவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லி வைத்துவிட்டான்.