சைரன் அக்காவின் ஒத்திகை

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். விளக்கு அணையவில்லை, திரைகள் கண் சிமிட்டவில்லை, ஓர் அழைப்புகூட அறுபடவில்லை; பேட்டரி தாங்கிக்கொண்டது. "ஹா! பாத்தீங்களா!" என்று கைதட்டுகிறார் சைரன் அக்கா. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் கணினி, போன், ஒயர்லெஸ், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடம் எல்லாம் அவர் பொறுப்பு. எது எப்போது செத்துப்போகும் என்று காத்திருக்க மாட்டார். தினமும் காலையில் தானே ஒன்றைச் சாகடித்துப் பார்ப்பார்.

குரல் நான்கு மாடி தாண்டும். பட்டப்பெயர் அதனால் வந்தது. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "கம்ப்யூட்டர் வேலைன்னா நெழல்ல உக்காந்து பாக்குற வேலைப்பா" என்று சொல்லித்தான் என் அப்பா என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரி, இப்போது அக்காவின் பின்னால் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன். பெருமையாகத்தான் இருக்கிறது.

பிளக் முடிந்ததும் போன். தன் கைப்பேசியிலிருந்து அவசர எண்ணை அழைத்து, "ஐயோ, நெஞ்சு வலிக்குதே!" என்று அலறுவார். அந்த நடிப்பை நம்பி ஒருமுறை நிஜ வண்டியே வாசலுக்கு வந்துவிட்டது. அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்தார். இந்தக் கட்டடத்திலிருந்து வரும் அழைப்பெல்லாம் ஒத்திகை, திரையின் அடியில் சாம்பல் நிற வரிசையில் காத்து நிற்கும், வண்டி கிளம்பாது. "எப்புடி என் மூள!" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

போன செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. அழைப்பு எடுக்கும் பெண் சிணுங்கினாள்: "அக்கா, உங்க நெஞ்சு வலி மறுபடியும் ஸ்கிரீன்ல கீழ நிக்குது. ஒரு நாளைக்கு எத்தன தடவதான் சாவீங்க?"

"நான் காலையிலயே செத்து முடிச்சிட்டேனே" என்று சிரித்தவர், சட்டென்று நின்றார். அவர் கைப்பேசி மேசையில் சார்ஜில் கிடந்தது. "அடியேய், அது நான் இல்லடி! எடு!"

எங்கள் கட்டடத்துக் கேன்டீன்காரரின் குரல் வெடித்தது: "வாட்ச்மேன் அண்ணன் வாசல்ல விழுந்துட்டாரு, மூச்சே இல்ல! எவ்ளோ நேரமா அடிக்கிறேன், ஒருத்தரும் எடுக்கல!"

சாம்பல் வரிசைக்கு வண்டி போகாது. பூட்டியவர் அவரே, திறக்க நேரமில்லை. "கம்ப்யூட்டர விடு, ஒயர்லெஸ்ல கத்து! பக்கத்துல எந்த வண்டி? கேன்டீன்காரர நெஞ்ச அமுக்கச் சொல்லு, நிறுத்தவே கூடாது!" கத்திக்கொண்டே செருப்பை உதறினார். இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி இடுக்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகப் பாய்ந்தார். அவருக்குப் பின்னால் நான்.

வாசலில் கேன்டீன்காரர் வியர்த்து வழிய அமுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் பட்டைகளை ஒட்டி, எங்களை விலகச் சொல்லி, அக்கா பொத்தானை அழுத்தினார். உடல் ஒருமுறை துள்ளியது. "மறுபடி அமுக்குங்கண்ணே, விடாதீங்க!" தெருமுனையில் நிஜ சைரன். நாலே நிமிடம்! ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது வாட்ச்மேன் இருமினார். மாடிச் சன்னல்களெல்லாம் கூச்சலும் கைதட்டலுமாக அதிர்ந்தன.

"பொழச்சிட்டாரு" என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வருவதற்குள் சாம்பல் வரிசையை அக்கா அழித்திருந்தார். மதியம், சம்பவத்தைப் பதிந்து மேலிடத்துக்கு அனுப்பும் படிவம் வந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில், அழைப்பு எடுக்கும் பெண் 'கணினிக் கோளாறு' என்று நிரப்பி வைத்திருந்தாள்.

அக்கா பேனாவை வாங்கி, அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் 'நான்' என்று எழுதினார்.