இஸ்திரி போடும் சத்தம்

டெல்பினா நின்றபடியே தூங்கிப்போனாள். வலது கையில் இருந்த இஸ்திரிப் பெட்டி இடது புறங்கையின் மேல் போய் உட்கார்ந்தது. விடியப்போகும் நேரத்தில் அவள் போட்ட அலறலுக்கு மீன்பிடித் துறைமுக ஊரான நவோட்டாஸின் அந்தச் சந்தே எழுந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரி பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அப்பினாள். தண்ணீரை மட்டும் யாரும் கிட்டே கொண்டுவரவில்லை. சூடான கையில் தண்ணீர் பட்டால் பாஸ்மா வரும், நரம்பு இழுத்துக்கொண்டு ஆயுசுக்கும் கை நடுங்கும் என்பது அங்கே தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். தண்ணீர் ஊற்றாததால்தான் புண் இவ்வளவு ஆழமாக வெந்தது என்று ஆஸ்பத்திரியில் திட்டினார்கள். டெல்பினா அதை நம்பவில்லை.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஊரார் துணிக்கு இஸ்திரி போட்டுத்தான் பிழைப்பு. ஒரே மகன் அர்னெல், மீன்பிடித் துறைமுகத்தில் ராத்திரி முழுக்க மீன் தொட்டி இழுக்கிறவன். காலை ஆறு மணிக்கு வருவான், பூண்டுச் சோறும் கருவாடும் தின்பான், பாயில் விழுவான். அதிலிருந்து பகல் இரண்டு மணிவரை டெல்பினா அவன் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டாள். அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் மூட்டையைப் பிரிப்பாள். ராத்திரி முழுக்கத் தேய்ப்பாள். அப்படியென்றால் அவள் எப்போதுதான் தூங்குகிறாள் என்று சந்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

கேட்டவள் கிரெச்சென். புண் ஆறியும் விரல்கள் மடங்க மறுத்ததால், ஆஸ்பத்திரியில் டெல்பினாவை, அன்றாட வேலைகளைச் செய்யவைத்தே குணப்படுத்தும் தொழில்வழிச் சிகிச்சை அறைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அறையின் அதிகாரி கிரெச்சென்தான். முப்பது வயதுக்காரி, குரல் மட்டும் மீன் ஏலம் விடுகிறவள் குரல். விரலைப் பார்ப்பாள் என்று கையை நீட்டினால், மணிக்கு ஒன்றாக இருபத்துநாலு கட்டம் போட்ட ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள்.

“காலைல எழுந்திரிக்கிறதுலேர்ந்து சொல்லுங்கக்கா. என்னென்ன வேலை செய்வீங்க?”

“படுத்தாத்தானே மேடம் எழுந்திரிக்கறதுக்கு?”

டெல்பினா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கிரெச்சென் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஏன் படுக்கறதில்ல?” என்றாள். பத்தொன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை டெல்பினா அன்றைக்கு அவளிடம் சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் பிலெமோன் திருவிழா அன்று பன்றிக்கறியும் நூடுல்ஸும் வயிறு முட்டத் தின்றுவிட்டு மத்தியானம் படுத்தான். அதே அறையில் அவள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் அவன் ஒரு மாதிரி முனகினான். குறட்டை என்று நினைத்துக்கொண்டு, “சத்தம் போடாம தூங்குய்யா, சந்தே முழிச்சுக்கும்” என்று கேலி செய்தாள். ஈரத்துணியில் பெட்டி சீறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் போட்ட சத்தம் எதுவும் அவள் காதில் விழவில்லை. ஏழு சட்டை முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவன் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது.

பாங்குங்கோட் என்றது சந்து. தூக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கிக் கொல்லும் சனியனுக்கு அங்கே அதுதான் பெயர். “கால் பெருவிரலைப் பிடிச்சு முறுக்கியிருந்தா எழுந்திருப்பானே, நீ பக்கத்துலதானே இருந்தே?” என்று துக்கத்துக்கு வந்தவள் ஒருத்தி கேட்டாள். கேட்டவள் மறந்திருப்பாள், டெல்பினாவால் முடியவில்லை. பிலெமோனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, அர்னெலுக்கு ஒன்பது. அதன்பிறகு மகன் தூங்கும்போது அவள் கண்ணை மூடவில்லை, பெட்டியைச் சூடாக்கவில்லை. அவன் பள்ளிக்கூடம் போயிருக்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சம் கண் அயர்வதோடு சரி. இந்த ஒரு வருஷமாக அதுவும் ஒழுங்காக இல்லை.

“அடுத்த மாசம் அவனுக்கு இருபத்தெட்டு பொறக்குது மேடம்” என்றாள்.

கிரெச்சென் முதலில் மகனை இதய மருத்துவரிடம் அனுப்பினாள். சில குடும்பங்களில் இது இதயக் கோளாறாக இருக்கும், பார்த்துவிடுவது நல்லது என்றாள். முடிவு வரும்வரை ஒரு வாரம் டெல்பினா பச்சைத் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. கோளாறு எதுவும் தென்படவில்லை என்று மருத்துவர் சொன்னார். அவள் பயம் ஒரு இஞ்சுகூட அசையவில்லை. காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினால் நெஞ்சில் ஏறுகிற சனியன் பயந்து ஓடிவிடுமா என்ன?

கிரெச்சென் மறுபடியும் கட்டங்களை எடுத்தாள்.

“ராத்திரி பத்து மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் உங்க பையன் முழிச்சிட்டிருக்கான். சுத்தி இருநூறு பேரு. அந்த நேரத்துல நீங்க யாருக்குக் காவல்?”

“யாருக்கும் இல்ல. துணி தேய்க்கணுமே.”

“அதைப் பகல்ல தேயுங்க.”

“அவன் தூங்கறப்பவா?” டெல்பினா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். “செத்தாலும் மாட்டேன்.”

“சட்டை வேணாம். ஒரே ஒரு கைக்குட்டை. தேய்ச்சதும் பெட்டிய வெச்சிட்டுப் போய் அவனைப் பாருங்க, திரும்பி வாங்க, அவ்ளோதான். மடங்காத விரலுக்கும் அதான் பயிற்சி.”

மறுநாள் அந்த ஒரு கைக்குட்டைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெட்டி சீறியதும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாயைப் பார்த்தாள். பாதி தேய்ப்பதற்குள் பாயில் அர்னெல் புரண்டு லேசாக முனகினான். அவ்வளவுதான், பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவன் பெருவிரலை முறுக்கினாள். அவன் துள்ளி எழுந்தான்.

“யம்மா! உனக்கென்ன பைத்தியமா? தொட்டி இழுத்து இடுப்பு ஒடிஞ்சு வந்து படுத்திருக்கேன்!”

“திட்டுடா. நல்லா திட்டு” என்று அவள் அழுதாள். உயிரோடு இருக்கிறவன்தானே திட்டுவான்.

கைக்குட்டை ஒன்று மூன்றாயிற்று. பள்ளிக்கூடப் பாவாடை ஒன்றை முடிக்க நடுவில் நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். மூன்றாவது வாரம் ஒரு முழுச் சட்டை, அதற்கடுத்துச் சீக்கிரமே மூட்டை முழுவதும். நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்கவில்லை, ஆனால் கை நிற்காமல் வேலை செய்தது. துணி பகலிலேயே முடிந்ததால் ராத்திரி காலியாகக் கிடந்தது. படுக்கும் முன் தழும்பில் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியிருந்தாள் கிரெச்சென். அதற்குமுன் கையைக் கழுவவும் சொன்னாள். டெல்பினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“தேய்ச்ச கையிலயா தண்ணி? பாஸ்மா வராதா?”

“எங்கம்மாவும் இதையேதான் சொல்லுவாங்க. தேய்க்கறது மத்தியானத்தோட முடிஞ்சிருதே, ராத்திரி வரைக்கும் சூடு எங்கக்கா இருக்கும்? ஆறின கைக்குப் பாஸ்மா எப்படி வரும்?”

டெல்பினா ஒப்புக்கொண்டாள். மத்தியானத்துக்குமேல் காப்பியையும் நிறுத்தினாள். இஸ்திரிப் பலகையைக் கண்ணில் படாமல் மூலையில் சாய்த்தாள். தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, மணி பத்தானால் பாயில் இருக்க வேண்டும் என்பது கிரெச்சென் கட்டளை. முதல் சில நாள் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தாள். சனியன் வருவதென்றால் தன் நெஞ்சில் வந்து ஏறட்டும் என்று அதையும் எதிர்பார்த்துக் கிடந்தாள். அப்புறம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கண் அசந்தது. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

அர்னெலின் பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி. எண்ணெய் தடவியது ஞாபகம் இருக்கிறது, பாயில் காலை நீட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் கூசும் வெயில். அர்னெல் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவள்மேல் குனிந்திருந்தான். கையெல்லாம் மீன் செதில், முகமெல்லாம் கண்ணீர். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னடா? நெஞ்சா? நெஞ்சு வலிக்குதா?”

“எனக்கு ஒண்ணுமில்ல! உனக்கு என்னாச்சு? ஏழு மணியாகுது. எத்தனை தடவைதான் கூப்பிடறது!”

“எனக்கென்ன? தூங்கிட்டேன்டா.”

“தூங்கினியா?”

அவன் தரையில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ தூங்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே. ஆடாம அசையாம கண்ணை மூடிக் கிடக்கற ஆளுன்னா இந்த வீட்டுல நான் அப்பாவைத்தான் பார்த்திருக்கேன்.”

ஒன்பது வயதில் அந்த அறை வாசலில் இவனும்தான் நின்றிருந்தான். பத்தொன்பது வருஷத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அவள் மறுபடியும் பாயில் சாய்ந்தாள்.

“பயப்படாம பாருடா. தூங்கறவங்க இப்படித்தான் இருப்பாங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.