ஐந்தாவது எண்

கோமுவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன சர்வே அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். 1994-இல் சேரன்மகாதேவிப் பக்கம் வாய்க்கால் அகலப்படுத்தும் வேலை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் கரை எதுவரை வரும் என்று கணித்துத் தர வேண்டும். சர்வேயர் தாஜ் முகம்மதுவின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த, புரோகிராம் எழுதக்கூடிய கால்குலேட்டரை நம்பி ஒத்துக்கொண்டாள்.

அதில் எண்கள் நாலு அடுக்காக நிற்கும். ஐந்தாவது எண் உள்ளே வந்தால் முதலில் போட்டது சத்தமில்லாமல் காணாமல் போகும். எண்களைத் தனியாகச் சேமித்து வைக்கவும் வழி உண்டு. ஆனால் அதற்கு இரண்டு பித்தான் அதிகம் அழுத்த வேண்டும். அலுப்பில் கோமு அடுக்கை மனசிலேயே எண்ணிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் தாஜ் வெயிலில் கறுத்த முகத்தோடு வந்தான்.

"அக்கா, உங்க கணக்குப்படி கரை அளந்து வாழைத் தோட்டத்துக்குள்ள குச்சி அடிச்சிட்டேன். தோட்டக்காரம்மா முத்துராணி அதப் புடுங்கி என் கையில தந்துட்டாவ. அதுக்குள்ள வாய்க்கால் வெட்டுத ஆளுவ ஆறு வாழைய வெட்டிட்டானுவ. எல்லாம் குலை தள்ளினது."

கோமு புரோகிராமைக் காகிதத்தில் ஒவ்வொரு படியாக எழுதிப் பார்த்தாள். நடுவில் திட்டு விட்டு இரண்டு தட்டாகச் சரியும் கரைகளுக்கு ஓர் எண் கூடுதலாக நுழைந்தது. வாய்க்காலின் அடியகலம் அடுக்கிலிருந்து விழுந்துபோய், அந்த இடத்தில் வேறு எண் கூட்டப்பட்டிருந்தது. அப்படிப் பதினேழு இடங்கள்.

முதலாளி சுந்தர்ராமன், "மிஷின் கோளாறுன்னு எழுதிடுவோம்மா" என்றார்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு சார். நான் எண்ணாம விட்டுட்டேன்."

மறுநாள் கரையைத் திருப்பி அளக்கத் தாஜோடு அவளும் தோட்டத்துக்குப் போனாள். முத்துராணி கோபம் தணியாமலே கேட்டாள்: "நீதான் கணக்குப் போட்டவளா?"

"ஆமாம்மா. தப்பு என்னோடதுதான்."

"அப்ப அளந்து முடியுத வரைக்கும் இங்கன நில்லு."

கோமு மூன்று மணிநேரம் நின்றாள். கால் வீங்கிவிட்டது. வெட்டிய வாழைகள் வரப்பில் கிடந்தன. அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

பிறகு புரோகிராமை முதலிலிருந்து எழுதினாள். எண்களை எல்லாம் சேமித்துவிட்டுத்தான் கணக்கு ஆரம்பம். ஒவ்வொரு படிக்கும் அடுக்கில் என்ன நிற்கிறது என்று பக்கத்தில் பென்சில் குறிப்பு. மற்ற நூற்றுத் தொண்ணூற்றைந்து இடங்களையும் மறுபடி போட்டாள். மூன்று வாரம் ஆயிற்று. ஒன்றிலும் தவறில்லை.

"பாத்தேளா, வீணா மெனக்கெட்டேள்" என்றார் சுந்தர்ராமன்.

கோமு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.