மோட்டார் நின்ற சாயங்காலம்

மூன்று வருடங்களுக்கு முன், பன்னீர் திராட்சை நிறம் திரும்பிக்கொண்டிருந்த நாட்களில், ஓடைப்பட்டியில் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்து வீட்டில் ஓர் அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அப்போது தங்கியிருந்தவர் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு பத்திரிகையாளர். என்னைப் போலவே ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண்.

தன் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. காபி டம்ளரோடு பந்தலடியில் நடக்கும்போது துண்டு துண்டாக வரும். அரசாங்கத்தை எதிர்த்து எழுதியது, அவர்கள் பத்திரிகையைப் பூட்டியது, பிறகு பனியில் தெருவோரம் தன்னந்தனியாக எதிர்ப்பு அட்டை பிடித்து நின்றது, சிறை, ஒற்றைப் பையோடு நாட்டை விட்டு வந்தது. இங்கிருந்தபடி தினமும் சாயங்காலம் செல்போன் முன்னால் உட்கார்ந்து தன் ஊர் மக்களுக்கு நேரலையில் பேசுவார். அம்மா மட்டும் இன்னும் அங்கேதான்.

அன்று, அவரோடு வேலை பார்த்த தோழிக்கு நீண்ட சிறைத்தண்டனை என்று செய்தி வந்தது. பேசாமல் இருக்க முடியாது. பேசினால் அங்கே போலீஸார் அம்மாவின் கதவைத் தட்டுவார்கள். அம்மாவுக்குப் போன் போட்டார். வைத்துவிட்டு என்னிடம், "பேசச் சொல்கிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

சிக்னல் கிடைப்பதோ வேலியோரம் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர்வெல் தண்ணீர் இறைக்கும் கம்ப்ரஸர் மோட்டார். அதை ஓட்டும் மும்முனை மின்சாரம் அன்றிலிருந்துதான் சாயங்காலத்துக்கு மாறியிருந்தது. மோட்டார் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. நான் போய்க் கேட்டேன்.

"ஏத்தா, அங்கன யாரையோ செயில்ல போட்டா இங்கன என் கொடி காயணுமாக்கும்?" என்றார்.

அவர் பேசினால் அம்மாவுக்கு என்ன வரும் என்பதையும் சொன்னேன்.

"அவுக ஆத்தா தனியாவா இருக்காக?"

"ஆமாண்ணே."

மோட்டார் அறைக்குள் போனார். சத்தம் நின்றது. எங்கள் தோட்டத்தில் கிளி விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருந்த கூலிக்கார அக்காவும் கையை நிறுத்தினார். "தின்னா தின்னுட்டுப் போகுது."

பத்திரிகையாளர் பேசினார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தோழியின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

மறுநாள் மதியம் போன் வந்தது. போலீஸார் வந்திருக்கிறார்கள், வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, அம்மாவை அழைத்துப்போய் வெகுநேரம் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கேட்டபின் அவர் சாப்பிடவில்லை. பந்தல் கல்தூணில் சாய்ந்தபடி கிடந்தார். இனி பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்கவும் தைரியம் இல்லை.

சாயங்காலம் மோட்டார் ஓடத் தொடங்கியது. அவருடைய நேரம் வந்ததும், யாரும் கேட்காமலேயே நின்றது. வேலிக்கு மேல் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் தலை தெரிந்தது.

"இன்னைக்கும் பேசுவாகல்ல?"

நான் மொழிபெயர்க்கவில்லை. மோட்டார் நின்ற அந்த அமைதியிலேயே அவர் தூணடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எழுந்து தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு, செல்போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் நடந்தார்.

அறுவடைக்கு முன்பே போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஆனால் கரண்டு போய் அந்த மோட்டார் திடீரென்று நிற்கும்போதெல்லாம் என் கையும் தன்னால் நின்றுவிடுகிறது, யாரோ பேசப் போகிறார்கள், நாம் கேட்க வேண்டும் என்பதுபோல.