தட்டு வாங்கும் ஜன்னல்

என் அக்கா நல்ல தையல்காரி. கடந்த மூன்று வருஷத்தில் அவளைப் பார்த்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துணிக்கடையின் மாடியில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களின் அளவுக்குத் துணியைப் பிடித்துக் கொடுப்போம். தலைக்கு மேல் மின்விசிறி, மடியில் வேலை. வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

அவள் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் தீர்ப்புச் சொல்ல முன்னால் வந்து நிற்பாள் என்பதால் சின்ன வயதிலேயே நான் அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா. அக்காவின் கணவர் இறந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே வீடுதான். உதவித்தொகைக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. வங்கியில் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் போடுகிற மாதிரி சொந்தக்காரர்கள் இருந்திருந்தால் நாங்கள் ஏன் வங்கிப் படி ஏறுகிறோம்?

பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது என்று யாரோ சொல்லி, அக்கா மறுநாளே போய்க் கேட்டாள். விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை மட்டும் காலியாக இருந்தது. சம்பளம் தையலில் வருவதில் பாதி.

"நீங்களே கூடப் படிக்கலாம்மா, சாயங்கால வகுப்பு இருக்கு" என்றாராம் சூப்பர்வைசர். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்தப் பாத்திரம் கழுவுகிற அறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்துப் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். எச்சில் தட்டுகள் அதன் வழியாகத்தான் வரும். தள்ளுகிற கைகள் தெரியும், முகம் தெரியாது. தரையெல்லாம் தண்ணீர். ரப்பர் பூட்ஸுக்குள்ளும் ஈரம் புகுந்து, முதல் மாதமே விரலிடுக்கில் புண் வந்துவிட்டது. நடுவில் சாக்ஸை மாற்ற வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. புண்தான் சொல்லிக்கொடுத்தது.

மகளுக்கும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். "பாப்பா கை வந்தா எனக்குத் தெரிஞ்சிடும்டி" என்பாள். "தட்டைத் துடைச்சு, ஸ்பூனை ஓரமா வச்சுத் தள்ளுவா." பகலில் தாயும் மகளும் பார்த்துக்கொள்வது அவ்வளவுதான்.

வருஷம் போகப் போக அவள் பேச்சும் ஓய்ந்தது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஊர் வம்பு எதையாவது எடுத்தால் "ம்" என்பாள். யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கும்; யாரை என்றுதான் தெரியாது. அவள் மெஷினில் உட்கார்ந்திருந்த புதுப் பெண் கல்யாணமாகிப் போனதும், "வேற யாரையும் போடாதீங்க, அக்கா வந்துடுவா" என்று முதலாளியின் உயிரை எடுத்துவிட்டேன்.

கடைசிப் பரீட்சை முடிந்தது. இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறேன் என்று அக்கா சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது ஜட்ஜம்மா முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

"அம்மா, எம்.எஸ்ஸி. சீட் கிடைச்சிடுச்சு! ரெண்டே வருஷம்மா. அதுவும் ஃப்ரீ!"

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "ஃப்ரீயா?"

"ஆமாம்மா. நீ அங்கேயே இருந்தா போதும், ஒரு பைசா கட்ட வேண்டாம்."

"நான் அங்கேயே இருந்தா போதும்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "என்னால முடியலம்மா. காலைல எழுந்திரிக்கும்போதே அழுகை வருது. சில நாள் ஜன்னல்ல உன் கையைப் பாத்தாக்கூடக் கோபம் வருது. நீ படிக்கணும்னு ஆசைப்பட்டது நான்தான். இல்லைங்கல. ஆனா முடியல."

ஜட்ஜம்மாவுக்குத் தீர்ப்பு எதுவும் வரவில்லை.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்றாள் கடைசியில்.

"நீ ஏன்டி கேக்கல?" என்றேன் நான். என் வாய் சும்மா இருக்காது.

மாதக் கடைசியில் அக்கா நின்றுவிட்டாள். இரண்டு நாள் தூங்கினாள். பிறகு என்னோடு கடைக்கு வந்தாள். சுடுதண்ணீரிலும் சோப்பிலும் கிடந்த விரல்களுக்கு ஊசி பிடிபடவில்லை. கோணலாகப் போன தையலை அவள் பார்க்காதபோது பிரித்து நான் தைத்து வைத்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஜட்ஜம்மா எங்களைக் கேட்காமலே சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். பகலில் அம்மாவின் இடத்தில் பாத்திரம், அப்புறம் நாங்கள் சிரித்த அதே சாயங்கால வகுப்பு. அப்படிப் படித்தால் எம்.எஸ்ஸி.க்கு ஒரு வருஷம் கூடுதலாகும். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சொன்னாள்.

முதல் நாள் வகுப்பு முடிந்து வந்தவள் கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்படிம்மா மூணு வருஷம் நின்ன?"

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து உட்கார்ந்தாள். மகளின் ஈர சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். துண்டால் துடைத்தாள்.

"நாளைக்கு ரெண்டு ஜோடி எடுத்துட்டுப் போ" என்றாள். "மத்தியானக் கூட்டம் முடிஞ்சதும் மாத்திடு."