பள்ளத்தில் இறங்கிய கேபிள்

வாணியம்பாடிக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளுகிற ஒரு பம்பிங் ஸ்டேஷன் கட்டினார்கள். ஒப்பந்தக் கம்பெனியில் நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். அந்த மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்பும் ரசாயனமும் கலந்த தண்ணீர் ஊறி நிற்கும். இரும்பே பொரிந்துபோகும். அதனால் கேபிள் விஷயத்தில் ரொம்ப மெனக்கெட்டேன். வந்த சாம்பிள்களையெல்லாம் அறுத்துப் பார்த்தேன். உள்கம்பி சரியாக நடுவில் ஓடுகிறதா, உறை எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா, மேலே சுற்றிய கவசக் கம்பியில் பூச்சு உரிகிறதா என்று பார்த்து, ஒன்றை மட்டும் சரி என்றேன்.

சைட்டில் வந்து இறங்கிய கேபிள் டிரம்மிலும் நான் சரி என்ற அதே கம்பெனியின் பெயர்தான் இருந்தது. பல வேலைகளில் என்னோடு இருந்த வயர்மேன், மேல்விஷாரத்து பாய், முனையை அறுத்துக் கொடுத்தார். உறை ஒரு பக்கம் தடி, மறு பக்கம் வெங்காயச் சருகு.

"இது நாம பாத்தது இல்லையே சார்," என்றார்.

துண்டை எங்கள் மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவரும் படித்தவர்தான், பார்த்ததும் புரிந்துவிட்டது.

"திருப்பி அனுப்புனா திறப்பு விழா தள்ளிப்போயிடும். டெஸ்ட் பண்ணு, பாஸ் ஆனா போட்டுடு."

"காய்ஞ்ச டிரம்ல பாஸ் ஆகும் சார். தண்ணில கெடந்தா தாங்காது."

"அப்ப பாத்துக்கலாம்."

டெஸ்ட் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு சைட்டிலிருந்து ஒருவரை வரவழைத்துப் போடவைத்தார்கள். பள்ளத்துத் தண்ணீரை இறைக்கக்கூட இல்லை. அப்படியே கேபிளை இறக்கி மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

திறப்பு விழா நடந்தது. மழை பிடித்த பிறகு ஒரு மத்தியானம் மோட்டார் நின்றுபோனது.

"ஸ்விட்சைப் போடாதீங்க பாய், கேபிளை டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, மீட்டர் எடுக்க வண்டிக்குப் போனேன். அந்த நேரத்தில் மேனேஜர் பாய்க்குப் போன் செய்திருக்கிறார். ஷாப்புக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள், உடனே ஸ்விட்சைப் போடு என்று. பாய் போட்டுவிட்டார்.

வெடித்த சத்தம் கேட்டு ஓடினேன். பேனல் ரூம் முழுக்கப் புகை. பாய் சுவரோரம் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் கேபிள் துண்டைக் கொடுத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். துண்டு மேஜைமேல் டீ டம்ளர்களுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. போகும்போது யாரும் எடுக்கவில்லை. ஊழியரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். கருகிய பகுதியை வெட்டிவிட்டு, மிச்சமிருந்த அதே டிரம்மிலிருந்து ஒட்டுப் போட்டார்கள். நான் வேலையை விட்டேன். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

பாயைப் பார்க்க மேல்விஷாரம் போனேன். அவர் மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாய் முகத்தைத் திருப்பி, போதும் என்றார்.

"என்மேலதான் தப்புன்னு எழுதிட்டாங்களாமே சார். நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேன் பாய்."

சரி என்பதுபோலத் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. அவர் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே உள்ளே போனார்.