சிவப்பு நூல் கட்டிய நான்கு ரீல்கள்

படகுத்துறையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். கொழுந்தனுக்கு அவள் அண்ணி. மற்ற எல்லோருக்கும் ‘ஒரு சொட்டு’. இந்த இரண்டாவது பெயர் கேலியாகத்தான் பிறந்தது. அது எப்படி என்பது போகப் போகத் தெரியும்.

அவள் வேலை தூண்டில் ரீல்களைக் கடல் உப்பு போகக் கழுவுவது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு காலையில் கடலுக்குப் போகும், மதியம் திரும்பும். படகை ஓட்டுகிறவன் அவள் கணவனின் தம்பி. வந்ததும் எட்டுத் தூண்டில் கோல்களிலிருந்தும் நைலான் நரம்பு சுற்றிய ரீல்களைக் கழற்றி அவள் அறைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அறை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு மூட்டை பழைய பனியன் துணி. இவ்வளவும் போக அவள் உட்கார இடம் மிஞ்சும்.

முதலில் ஒவ்வொரு ரீலிலும் டிராக்கை இறுக்குவாள். மீன் இழுக்கும்போது நரம்பை எவ்வளவு சுலபமாக விடுவது என்று முடிவு செய்கிற திருகு அது. அதை இறுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் வட்டுகளுக்குத் தண்ணீர் போகாது. பிறகு குழாயைச் சன்னமாகத் திறந்து, தூறலில் நனைகிற மாதிரி நனைப்பாள். உதறி, துடைத்து, நிழலில் உலர்த்துவாள். அசைகிற இடங்களுக்கு எண்ணெய், பல்சக்கரத்துக்கு கிரீஸ். கடைசியில் டிராக்கை மறக்காமல் தளர்த்திவிடுவாள். இறுக்கமாகவே விட்டால் வட்டுகள் நசுங்கிப்போகும். எட்டும் முடிய இரண்டரை மணி நேரம் ஆகும். இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டவள். அந்தக் கை அவசரம் அறியாது.

ஒரு நாள் கொழுந்தன் கார் கழுவுகிற, தண்ணீரைப் பீச்சி அடிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். எட்டு ரீல்களையும் பலகையில் வரிசையாக வைத்து அடித்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு நிமிடம். ரீல்கள் கண்ணாடி மாதிரி மின்னின. படகு முதலாளி ஒன்றும் கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவர். அப்படியானால் அந்த அறையை ஐஸ் பெட்டி வைக்க எடுத்துக்கொள்ளலாமே என்றார்.

“உப்பு வெளிய போகல தம்பி. நீங்க அதை உள்ள தள்றீங்க,” என்றாள் அவள்.

உள்ளே போனதை யார் பார்த்தது என்று அவன் கேட்டான். நன்றாகச் செய்த பராமரிப்புக்குச் சாட்சி கிடைப்பது அரிது. அதன் பலன் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான், நடக்காத ஒன்றை மேசைமேல் வைத்துக் காட்ட யாராலும் முடியாது. தொழிற்சாலையில் பதினோரு வருடமும், இங்கே வந்த பிறகும் அவள் செய்துவந்த வேலையே அதுதான் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

யோசித்துவிட்டு முதலாளியிடம் ஒரு மாதம் கேட்டாள். நான்கு ரீல் தனக்கு, நான்கு கொழுந்தனுக்கு. வித்தியாசம் தெரியாவிட்டால் தானே அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். தன்னுடைய நான்கிலும், கோலோடு பொருந்துகிற காலில் சிவப்பு நூல் சுற்றினாள். அன்று வீட்டில் இதைக் கேட்ட கணவன் சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல், “தோத்தா நம்ம ஃபேனுக்கு எண்ணெய் போடு, ஆறு மாசமா கத்துது,” என்றான்.

ஐந்தாம் நாளே அடி விழுந்தது. சிவப்பு நூல் ரீல் ஒன்றின் கைப்பிடி பின்பக்கமாக வழுக்கிச் சுற்றியது. “அண்ணி, உங்க ரீலு ரிவர்ஸ் கியர்ல ஓடுது,” என்று கொழுந்தன் துறை முழுவதும் கேட்கச் சொன்னான். அவள் பிரித்துப் பார்த்தாள். கைப்பிடி பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ளும் குட்டி உருளைகள் உள்ளே இருக்கும். போட்டி என்ற பதற்றத்தில் அக்கறை கூடிப்போய் அவற்றில் கிரீஸை அப்பியிருந்தாள். பிடிக்க வேண்டிய உருளைகள் வழுக்கிவிட்டன. கம்பெனிக் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். “என் கைத்தப்புதான். இங்க ஒரு சொட்டு எண்ணெய்தான் போடணும். நான் சோறு பிசையற மாதிரி பிசைஞ்சுட்டேன்,” என்றாள். அன்றிலிருந்து துறையில் அவள் பெயர் ‘ஒரு சொட்டு’.

மாதத்தின் கடைசி நாள் முதலாளியோடு அவளும் படகில் ஏறினாள். முடிவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். இத்தனை வருடம் கடலின் உப்பைத் துடைத்தவள் ஒரு தடவைகூடக் கடலுக்குள் போனதில்லை. முதல் அரைமணி நேரம் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடலே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். படகுச் சக்கரத்தைப் பிடித்தபடியே கொழுந்தன், “டிராக்கைக் கொஞ்சம் இறுக்குங்க அண்ணி,” என்றான். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதற்கு நேரம் இல்லை.

வெயில் ஏறியபோது சூரை மீன் கூட்டம் ஒன்று படகின் அடியில் வந்து சேர்ந்தது. எட்டுக் கோல்களும் ஒரே சமயத்தில் வளைந்தன. கொழுந்தனின் முதல் ரீலில் நரம்பு ஏறிப்போகிற உருளை உப்பில் இறுகிச் சுழலவே இல்லை. நரம்பு தேய்ந்து அறுந்தது. இரண்டாவதில் டிராக் ஒட்டிக்கொண்டது. மீன் ஒரே இழுப்பில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது மணலை மெல்லுகிற சத்தத்தோடு சுற்றியது, பிடித்திருந்தவர் இரண்டு கையாலும் சுற்றிப் பார்த்துச் சலித்துப்போனார். நான்காவது நன்றாகத்தான் வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும்.

சிவப்பு நூல் சுற்றிய மூன்று ரீல்கள் மீனை ஏற்றிக்கொண்டிருந்தன. நான்காவது ரீல் இருந்தது படகின் பின்பக்கம். அதற்கு உரியவர் அலை ஒத்துக்கொள்ளாமல் கீழே சுருண்டு கிடந்தார். கோல் தாங்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு போகிற நிலை. பக்கத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். கோலைப் பற்றி வயிற்றில் ஊன்றிக்கொண்டாள். கொழுந்தன் சக்கரத்தை முதலாளியிடம் விட்டு ஓடிவந்து, அவளுடைய மிதவைச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

“இறுக்குங்க அண்ணி. நரம்பு பூரா போயிடும்.”

அவள் இறுக்கவில்லை. ரீலின் சத்தத்தைக் கேட்டாள். தையல் இயந்திரம் நல்ல எண்ணெயில் ஓடுவது போல ஒரே சீரான சத்தம், எங்கும் திக்கல் இல்லை. திருகைக் கால் சுற்று தளர்த்தினாள்.

“ஓடட்டும் தம்பி. மீனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த ரீலைத் தெரியும்.”

மீன் ஓடியது. நின்றது. அவள் சுற்றினாள். மறுபடி ஓடியது. கோலை எப்போது தூக்குவது, எப்போது தாழ்த்துவது என்று அவன் சொன்னான். எவ்வளவு விடுவது என்பதை அவள் விரலே முடிவு செய்தது. அரைமணி நேரத்துக்குப் பிறகு அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு சூரை படகுக்குள் வந்து விழுந்தது. அந்த மாதம் முழுவதும் அந்தப் படகில் ஏறிய மீன்களில் அதுதான் பெரியது. சுருண்டு கிடந்தவர்கூட எழுந்து கைதட்டினார். ஐஸ் பெட்டியைப் பற்றி யாரும் கேட்காமலேயே முதலாளி, “பெட்டி எல்லாம் படகுலயே இருக்கட்டும்,” என்றார். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கரைக்கு வந்ததும் எல்லோரும் மீனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு படத்துக்கு அவளையும் இழுத்து நிறுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் அந்தப் படம் இன்றும் முதலாளியின் அலுவலகச் சுவரில் இருக்கிறது.

படம் முடிந்ததும் அறைக்குப் போய்க் குழாயைச் சன்னமாகத் திறந்தாள். சிவப்பு நூல் ரீல்களில் முதலாவதை நனைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கொழுந்தன் தன் நான்கையும் ஒரு வாளியில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். வாளியை மேசைமேல் வைத்தான். பிறகு கேட்டான்:

“எதை அண்ணி முதல்ல கழட்டணும்?”

“கைக்கடிகாரத்தை,” என்றாள் அவள், தலை நிமிராமல். “மத்ததெல்லாம் அப்புறம்.”

அவன் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பனியன் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தான்.